நாலாவது பட்டியல்

இந்தச் சில வாரங்களாக எனக்கு வலிப்பு வரவில்லை. கதிர்வீச்சு சிகிச்சை முடிந்து, அடுத்த ஸ்கேனுக்கு முன்னால் கிடைத்திருக்கும் இடைவெளி இது. வலது கை சொன்னபடி கேட்பதில்லை என்பதால் இடது கையால் எழுதுகிறேன். வார்த்தை மறந்து நிற்கும் இடங்களில் என் மகள் ஷீலா எடுத்துக் கொடுக்கிறாள். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் என்ன நடந்தது என்று கேட்கிறார்கள். பாதி சொல்வதற்குள் எனக்கு வாய் கட்டிக்கொள்கிறது. கேட்டவர்கள் சங்கடப்பட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

நான் நீலசந்திராவில் ஒரு தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. வீடு விவேக் நகரில். கணவர் அருள்தாஸ் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அவருடைய தங்கை லில்லி கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடுதான் இருக்கிறாள். ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறாள்.

முதல் வலிப்பு வகுப்பறையில் வந்தது. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். வயிற்றுக்குள் லிஃப்ட் சட்டென்று இறங்குவது போல இருந்தது. திரும்பிப் பிள்ளைகளிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன், வார்த்தை வரவில்லை. அதற்குப் பிறகு நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது. கண் விழித்தபோது ஹெட்மிஸ்ட்ரஸின் மடியில் என் தலை இருந்தது. நாக்கு கடிபட்டு வாயெல்லாம் ரத்தம். பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள்.

வெயில், வெறும் வயிறு, அலைச்சல் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். இரண்டாவது தடவை சமையலறையில் வந்தபோது அருள்தாஸ் ஆட்டோ பிடித்து நரம்பு வைத்தியத்துக்கான பெரிய அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்.

அந்த மருத்துவமனையின் வெளிநோயாளிக் கூடத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கோலாரிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் அனந்தப்பூரிலிருந்தும் முதல் பஸ்ஸில் வந்தவர்கள் பெஞ்சுகளிலும் தரையிலும் உட்கார்ந்திருப்பார்கள். பேர் கூப்பிடும்போது தூங்கிவிடக் கூடாது என்று ஒருவரை ஒருவர் எழுப்பிக்கொள்வார்கள். தலையில் பசை தடவி கம்பிகளை ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைப் படமாக எடுத்தார்கள். வலிக்காது. ஆனால் அந்தப் பசை முடியில் காய்ந்து கல்லாகிவிடும். சாயங்காலம் லில்லி என்னை முக்காலியில் உட்காரவைத்து, தேங்காய் எண்ணெய் தடவித் தடவி இழை இழையாகப் பிரித்து எடுத்தாள். "எவ்ளோ முடி அண்ணி உங்களுக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அடுத்த மாதம் அதை மொத்தமாக மழித்தார்கள்.

ஸ்கேனில் மூளையின் இடது பக்கத்தில், பேச்சு உருவாகும் இடத்தை ஒட்டி, ஒரு கட்டி தெரிந்தது. டாக்டர் நாகராஜ் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி விரலால் காட்டினார். அவர் ஷிமோகா பக்கத்துக் கன்னடக்காரர். வார்டில் நோயாளிகளிடம் கற்ற தமிழ்.

"நோடி டீச்சர், இது கல்லு மாதிரி தனியா உக்காந்திருக்கிற கட்டி இல்ல. தண்ணியில மை ஊத்தினா எப்படிப் பரவும், அந்த மாதிரி. எடுக்கிற வரைக்கும் எடுப்போம். எல்லாம் எடுத்தா பேச்சு போயிடும்."

"மிச்சம் விட்டா?" என்று அருள்தாஸ் கேட்டார்.

"மறுபடி வரும். எப்போ வரும்னு சொல்ல ஆகாது."

அறுவை சிகிச்சை முடிந்தது. பொருள்களின் பெயர்கள் எனக்குக் காணாமல் போயின. சாக்பீஸை நீட்டி இது என்ன என்று கேட்டால், எதற்குப் பயன்படும், எப்படி உடையும், கையில் எப்படி ஒட்டும் என்பதெல்லாம் சொல்வேன், பெயர் வராது. ஷீலா வீட்டிலிருந்த சாமான்களில் எல்லாம் சின்னச் சின்னக் காகிதம் ஒட்டினாள். சொம்பு, சன்னல், சீப்பு. பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண், பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் எனக்கு மூன்றாம் வகுப்புப் பாடம் நடத்தினாள். இரண்டு மாதத்தில் பெரும்பாலும் திரும்பி வந்தன.

வலிப்பு மட்டும் நிற்கவில்லை. முதலில் கொடுத்த மாத்திரையின் அளவை ஏற்ற ஏற்ற எனக்குக் கண்ணெல்லாம் ஆடியது. நேராக நடக்க முடியவில்லை. அப்போதுதான் டாக்டர் அதன் அளவைக் குறைத்து, ஃபீனோபார்பிடோன் என்ற மாத்திரையைச் சேர்த்தார். மிகப் பழைய மருந்து, மிக மலிவான மருந்து. முதல் வாரம் எந்நேரமும் தூக்கம். பிறகு அதுவும் பழகியது. வலிப்பு நின்றது. தலையில் துணி கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். பிள்ளைகள் எழுந்து நின்று "வணக்கம் டீச்சர்" என்று இழுத்துச் சொன்னபோது எனக்கு ஒரு பெயரும் மறக்கவில்லை.

டாக்டர் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. உடம்பு பழகியிருக்கும். நிறுத்தினால் அடங்கியிருக்கும் வலிப்பெல்லாம் ஒன்றாகக் கிளம்பும்.

அந்த மழைக்காலத்தில் நகரத்தில் மருந்துக் கடைகளைச் சோதனை போட்டார்கள். காலேஜ் பிள்ளைகளுக்குச் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை விற்ற சில கடைகளுக்குச் சீல் வைத்தார்கள். விற்றவர்கள் செய்தது தப்புதான். ஆனால் பயம் எல்லாக் கடைக்கும் பரவிவிட்டது. என் மாத்திரையும் தூக்க மாத்திரை வகைதான். வழக்கமாக வாங்கும் கடையில் அருள்தாஸிடம் கையை விரித்தார்கள்.

"அந்த ஐட்டம் இனிமே வெக்கிறதில்ல சார். வித்தா நமக்கு ஒண்ணும் நிக்காது. வெச்சிருந்தா ரெஜிஸ்டரு, இன்ஸ்பெக்டரு. எதுக்குத் தலைவலி?"

"டாக்டர் சீட்டு இருக்கு பாருங்க. என் வொய்ஃபுக்கு."

"சீட்டு இருந்தாலும் மாத்திரை இல்லியே சார்."

ஷிஃப்ட் முடிந்து ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பக்கம் போனார். நீலசந்திரா, சிவாஜி நகர், ஸ்டேஷன் பக்கம் ஒக்கலிபுரம். ஒரு கடையில் அவருடைய கண்ணையும் கையையும் உற்றுப் பார்த்துவிட்டு, "வேற எடம் பாரு" என்று ஒருமையில் பேசி அனுப்பினார்களாம். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது சிரித்தார். சாப்பிடவில்லை.

மருத்துவமனை மருந்தகத்திலும் மாத்திரை தீர்ந்திருந்தது. டாக்டர் நாகராஜ் ஏதோ மாநாட்டுக்கு வெளியூர் போயிருந்தார். அவர் இடத்தில் இருந்த இளம் டாக்டர் இன்னொரு மாத்திரையை எழுதிக் கொடுத்து, "இது உடம்புல சேர நாள் ஆகும். அதுவரைக்கும் பழையத எப்படியாவது வாங்கிக் குடுத்துடுங்க, நிறுத்தாதீங்க" என்றார். எங்கே வாங்குவது என்பது அவருக்கும் தெரியவில்லை. மீதி இருந்ததை லில்லி பிளேடால் பாதியாக வெட்டி எனக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வெட்டும்போது உதிரும் தூளையும் விரலில் ஒற்றி என் நாக்கில் வைத்தாள்.

தசரா விடுமுறை சமயம். மார்க்கெட் பக்கம் ஒரு மொத்த வியாபாரி இருப்பதாக யாரோ சொல்லி அருள்தாஸ் அங்கே போனார். அந்த மனிதர் உள்ளே போய் ஒரு டின்னைக் கொண்டுவந்து வைத்தார். மருத்துவமனைகளுக்கு விற்கும், ஆயிரம் மாத்திரை கொண்ட டின். பிரித்துத் தர முடியாது, எடுத்தால் முழுசாக எடு என்றார். இந்தச் சமயத்தில் அது கடையை விட்டுப் போனால் போதும் என்று அவருக்கு. அருள்தாஸுக்கோ ஒரு வருஷத்துக்கு அலைச்சல் இல்லை என்ற சந்தோஷம். பில் கேட்டதற்கு, நாளைக்கு வா என்றாராம்.

அந்தச் சந்தோஷத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெரு எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டு, கிடைத்துவிட்டது, வந்துகொண்டிருக்கிறேன் என்று எங்களுக்குச் சொல்லச் சொன்னார். செய்தி வந்தது. அவர் வரவில்லை.

பண்டிகைக் கூட்டத்துக்காக பஸ் ஸ்டாண்டில் பைகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். "ஏனிது?" என்று போலீஸ்காரர் டின்னைத் தூக்கிக் காட்டினார். இவர் கன்னடத்திலேயே பதில் சொன்னார். மனைவிக்கு மருந்து, டாக்டர் சீட்டு சட்டைப் பையில் இருக்கிறது. சீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை மாதம் என்று இருந்ததே தவிர, மொத்தம் இவ்வளவு கையில் வைத்திருக்கலாம் என்று இல்லை. பில்லும் இல்லை. வியாபாரியின் கடைக்கு அழைத்துப் போனார்கள். அந்த மனிதர் இவரை முன்னே பின்னே பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் நான் பிறகு கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மறுநாள் காலையில் எனக்கு வலிப்பு வந்தது. ஒன்று முடிவதற்குள் அடுத்தது. நடுவில் நினைவே திரும்பவில்லை. லில்லியும் ஷீலாவும் பக்கத்து வீட்டு வேனில் என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய் போட்டு, மெஷினில் மூச்சு விடவைத்தார்கள். வலிப்பை அடக்க நரம்பில் என்ன மருந்து ஏற்றினார்கள் தெரியுமா? அதே ஃபீனோபார்பிடோன். மாத்திரையாக ஊரிலேயே இல்லாதது, ஊசியாக அங்கே அலமாரியில் இருந்தது.

நான் கண் விழித்தபோது கட்டிலின் கால்மாட்டில் லில்லி நின்றிருந்தாள். அருள்தாஸைத் தேடினேன். "அண்ணன் டூட்டிக்குப் போயிருக்காரு" என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள். மூன்றாவது நாள் ஷீலா தாங்காமல் சொன்னாள்.

"டாடிய போலீஸ் பிடிச்சிட்டுப் போயிடுச்சு மம்மி. ஒனக்கு மாத்திரை வாங்கினதுக்கு."

எனக்குப் புரிந்தது. பதில் சொல்லத்தான் வாயில் ஒன்றுமில்லை. ஒட்டிய காகிதங்களால் ஷீலா சேர்த்துக் கொடுத்த பெயர்கள் எல்லாம் மறுபடி போயிருந்தன. வலது கையும் விழுந்திருந்தது. புதிய ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தது. வெட்டிய இடத்தைத் தாண்டி மறுபக்கம் போகும் பாதையில் இறங்கியிருந்தது. டாக்டர் நாகராஜ் திரும்பி வந்திருந்தார். படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டவில்லை. உறையிலேயே வைத்துக்கொண்டு பேசினார்.

"ரேடியேஷன் குடுக்கலாம் டீச்சர். அது ஒரு தடுப்பு. அவ்வளவுதான்."

எங்களுக்கு அமைந்த வக்கீல் புஷ்பா மேடம், மாதா கோயிலில் லில்லியோடு பாடுகிறவர்களில் ஒருவரின் அக்கா. வார்டுக்கே வந்து, கட்டிலில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல எனக்குச் சட்டத்தைச் சொன்னார். அவர் அன்று சொன்னதை ஷீலா பல தடவை எனக்குத் திருப்பிச் சொல்லியிருக்கிறாள்.

"ரெண்டு சட்டம் இருக்கு டீச்சர். ஒண்ணு மருந்துச் சட்டம். அதுல இது டாக்டர் சீட்டக் காட்டி வாங்குற சாதாரண மருந்து. அதுக்கு மேல கடுமையான பிரிவு ஒண்ணு இருக்கு. சீட்டு ரெண்டு காப்பி எழுதணும், ஒண்ண கடைக்காரர் வருஷக்கணக்கா வெச்சிருக்கணும். அந்தப் பிரிவுலகூட இது இல்ல."

"அப்புறம் எதுக்கு மேடம் பிடிச்சாங்க?" என்றாள் ஷீலா.

"இன்னொரு சட்டம் போதைச் சட்டம். ஒலக நாடுங்க எல்லாம் சேர்ந்து மனச மாத்துற மருந்துங்கள நாலு பட்டியலாப் பிரிச்சிருக்காங்க. மொதல் பட்டியல்ல வைத்தியத்துக்கே ஒதவாத ஆபத்தானது. கீழ வர வர ஆபத்து கொறையும். நாலாவதுல இருக்கிறது, போதைக்குன்னு தேடுறவங்க ரொம்பக் கொறைவு, வைத்தியத்துக்கு ரொம்பத் தேவைங்கிற மருந்து. உங்க மாத்திரை அந்த நாலாவதுலதான் இருக்கு."

"அப்ப நல்லதுதானே?"

"நம்ம சட்டத்த எழுதினவங்க அந்த நாலையும் ஒண்ணாக் கொட்டி ஒரே பட்டியலா ஆக்கிட்டாங்கம்மா. அதுல மொதலாவது, நாலாவதுன்னு கெடையாது. தண்டனையும் ஒண்ணுதான், கொறஞ்சது பத்து வருஷம். நோயாளிக்குன்னு ஒரு விலக்கு இருக்கு. சொந்த வைத்தியத்துக்கு நூறு மாத்திரை வரைக்கும் கையில வெச்சிருக்கலாம். ரொம்ப நாள் சாப்பிடணும்னு டாக்டர் தனியா எழுதிக் குடுத்தா முன்னூறு வரைக்கும். உங்க வீட்டுக்காரர் கையில ஆயிரம்."

லில்லி கேட்டாள்: "ஆயிரமும் இவங்க ஒருத்தருக்குத்தானே மேடம்? அத கோர்ட்ல சொன்னாப் போதாதா?"

"சொல்லுவோம்" என்றார் புஷ்பா மேடம். போதும் என்று சொல்லவில்லை.

முதல் ஜாமீன் மனு தள்ளுபடியானது. இந்தச் சட்டத்தில், இவர் குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயம் இருக்கிறது என்று நீதிபதிக்குத் தோன்றினால்தான் ஜாமீன். ஆயிரம் மாத்திரையையும் பில் இல்லாததையும் பார்த்து அவருக்கு அப்படித் தோன்றவில்லை. தொழிற்சாலையில் சஸ்பெண்ட் செய்தார்கள். லில்லி பகலில் கடைக்கும் மாலையில் ஆஸ்பத்திரிக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெயிலுக்கும் போனாள்.

கதிர்வீச்சு தொடங்குவதற்கு முன் நான் அவரைப் பார்க்க வேண்டும் என்று சைகையால் கேட்டேன். ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனார்கள். ஜெயிலில் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நாங்கள் பத்துப் பதினைந்து பேர், அந்தப் பக்கம் அவர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திப் பேசுகிறார்கள். அருள்தாஸ் மெலிந்திருந்தார். என் தலைத்துணியையும் தொங்கும் கையையும் பார்த்தார். வலையில் முகத்தை வைத்துக் கத்தினார்.

"மாத்திரை கெடச்சுதா?"

நான் தலையாட்டினேன். டாக்டர் நாகராஜ் தன் பொறுப்பில், மருத்துவமனை ஸ்டோருக்குப் புதிதாக வந்ததிலிருந்து வாராவாரம் கொடுக்கச் செய்திருந்தார். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நெசமாவா? சாப்புடுறியா?"

மறுபடி தலையாட்டினேன். அவர் லில்லியைப் பார்த்தார். அவளும் ஆமாம் என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதார்.

இரண்டாவது ஜாமீன் மனுவின்போது டாக்டர் நாகராஜ் நேரில் வந்தார். நான் போகவில்லை, லில்லி வந்து சொன்னாள். இந்தப் பெண்ணுக்கு இந்த மாத்திரை உயிர் மாதிரி என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அரசு வக்கீல் எழுந்து கேட்டார்: "இந்த மாத்திரை போதை தருமா, தராதா?"

"துஷ்பிரயோகம் செய்யும் வாய்ப்பு மிகவும் குறைவு."

"குறைவா, இல்லவே இல்லையா?"

"இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. உடம்பு பழகிக்கொள்ளும். அதிகமாகச் சாப்பிட்டால் உயிரும் போகும்."

"அவ்வளவுதான் கேட்டேன்" என்று அரசு வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

நீதிபதி நல்லவர் என்றுதான் லில்லி சொல்கிறாள். எவ்வளவு குறைவு என்று கேட்க இந்தச் சட்டத்தில் எனக்கு இடமில்லை என்றாராம். ஆனாலும் டாக்டர் சீட்டையும் என் ஆஸ்பத்திரிப் பேப்பர்களையும் நிதானமாகப் படித்துவிட்டு ஜாமீன் கொடுத்தார். கிறிஸ்துமஸ் முடிந்து, தெருவில் கட்டிய நட்சத்திரங்களை அவிழ்த்துக்கொண்டிருந்த நாளில் அருள்தாஸ் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். ஷீலா கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

எனக்கு அப்போது கதிர்வீச்சு நடந்துகொண்டிருந்தது. முகத்துக்கு அளவெடுத்து ஒரு முகமூடி செய்வார்கள். அதைப் போட்டு மேசையோடு சேர்த்துத் திருகிவிடுவார்கள், தலை அசையாமல் இருக்க. கதவை மூடிவிட்டு எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். வலி இல்லை. சத்தமும் அதிகம் இல்லை. தனியாகக் கட்டிக் கிடப்பது மட்டும்தான். அருள்தாஸ் வந்த பிறகு, கதவு மூடும் வரை என் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார். அங்கிருந்த பெண் அதை ஒரு நாளும் தடுக்கவில்லை.

வேலைக்கு அவரை இன்னும் திரும்ப எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர்கள் வருகிறார்கள், பழம் கொண்டுவருகிறார்கள். தெருவில் சிலர் எங்களைப் பார்த்தால் பேச்சை நிறுத்துகிறார்கள். போதை கேஸ் என்றுதான் அவர்களுக்குத் தெரியும். நாலாவது பட்டியலைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்வது?

சட்டத்தைத் திருத்தப் போவதாக, அளவையும் தீவிரத்தையும் பார்த்துத் தண்டனையைப் பிரிக்கப் போவதாக டெல்லியில் பேச்சு இருக்கிறது என்று புஷ்பா மேடம் சொன்னார். அது வந்தாலும் எங்களுக்கு உதவுமா என்று அவருக்கே தெரியவில்லை.

இப்போது கேஸில் என்னைச் சாட்சியாகப் போட்டிருக்கிறார்கள். அந்த மாத்திரைகள் யாருக்காக வாங்கப்பட்டனவோ அந்த ஆள் நான். நானே வந்து சொன்னால் பலமாக இருக்கும் என்றார் மேடம். போன வாய்தாவுக்குப் போலீஸ் தரப்புச் சாட்சி வரவில்லை. சீக்கிரம் விசாரிக்க வேண்டும் என்று மேடம் டாக்டரின் கடிதத்தோடு கேட்டுப் பார்த்தார். கோர்ட்டில் வேலை குவிந்து கிடக்கிறது. கோடை விடுமுறைக்குப் பிறகு என்று தள்ளி வைத்துவிட்டார்கள்.

டாக்டர் நாகராஜிடம் நானே கேட்டேன். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித்தான் கேட்டேன். கோடை முடியும் வரைக்கும் இருப்பேனா? அவர் என்னிடம் எப்போதும் பொய் சொன்னதில்லை. "ஈஸ்டர் நல்லா கொண்டாடுங்க டீச்சர்" என்றார். ஈஸ்டர் கோடை விடுமுறைக்கு முன்பே வந்துவிடும். அருள்தாஸ் பக்கத்தில்தான் இருந்தார்.

இருந்தும் தினமும் சாயங்காலம் எனக்குச் சாட்சி சொல்லப் பழக்குகிறார். அவரே அரசு வக்கீலாகி எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். "இந்த மாத்திரையை யாருக்காக வாங்கினார்?" என்று கேட்கிறார். நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். 'என் கணவர் இந்த மாத்திரைகளை எனக்காக வாங்கினார்.' சில நாள் கணவர் என்ற சொல் வராது. சில நாள் மாத்திரை வராது. வெள்ளையாக, வட்டமாக, கசப்பாக என்று சுற்றி வருவேன். அவர் பொறுமையாக மறுபடி கேட்பார்.

நேற்று முழு வாக்கியமும் தடங்கல் இல்லாமல் வந்தது. பள்ளியில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவது போல, நிறுத்தி, தெளிவாகச் சொன்னேன். ஷீலா கை தட்டினாள். அருள்தாஸ் எழுந்து சமையலறைக்குள் போனார். குழாயைத் திருகும் சத்தம் கேட்டது. நேற்று எங்கள் தெருவுக்குத் தண்ணீர் விடுகிற நாள் இல்லை. வறண்ட குழாய் சீறிவிட்டு அடங்கியது. அதன் பிறகு அவர் அழுவது எங்களுக்கு நன்றாகவே கேட்டது.